கம்பியைத் தழுவும் காற்று

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)

தலைப்பைப் பார்த்து இது கவிதைப் பக்கம் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது வெப்பக் கணக்கு. அதற்காகப் பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கால்குலேட்டரில் ஓர் எண்ணுக்கு அடுக்கு போடத் தெரிந்தால் போதும், இந்தக் கட்டுரையின் கணக்குகள் எல்லாவற்றையும் நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

இப்போதெல்லாம் இறுதியாண்டு புராஜெக்ட் என்றாலே 'சிமுலேஷன்' என்று ஆகிவிட்டது. லேப்டாப் இருக்கிறது, ஓப்பன்ஃபோம் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன (2004-லிருந்து அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது). ஒரு உருளையை வரைந்து, காற்றை ஓடவிட்டு, ரன் கொடுத்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அழகான படம் வருகிறது. அதைக் கலர் பிரிண்ட் எடுத்து ரிப்போர்ட்டில் ஒட்டிவிடுகிறோம். வைவாவில் எக்ஸ்டர்னல் வந்து, "தம்பி, இந்தச் சிவப்பு எத்தனை வாட்?" என்று கேட்டால்தான் சிக்கல். படத்தில் பதில் இல்லை. பதில் இருக்க வேண்டிய இடம் நம் நோட்டு.

திடப்பொருளைச் சுற்றிக் கொந்தளிப்பாக ஓடும் காற்றோ நீரோ எவ்வளவு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது, அதைக் கணினியில் எப்படிக் கணக்கிடுகிறார்கள், அந்தக் கணக்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதுதான் விஷயம். இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். அரூரிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஜன்னல் வழியே தெரியும் உயர் மின்கோபுரங்களையும், அவற்றிலிருந்து காட்டுக்கு மேலே தொங்கும் கம்பிகளையும் எடுத்துக்கொள்வோம். நம் தர்மபுரி மாவட்டத்திலேயே பவர் கிரிட் நிறுவனத்தின் 765/400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது. ஆக, கம்பிக்குப் பஞ்சமில்லை.

400 கிலோவோல்ட் லைன்களில் நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் கம்பிக்கு 'மூஸ்' என்று பெயர். நடுவில் 7 எஃகு இழைகள், அவற்றைச் சுற்றி 54 அலுமினிய இழைகள், ஒவ்வொன்றும் 3.53 மி.மீ. முறுக்கிய பிறகு மொத்த விட்டம் 31.77 மி.மீ., கிட்டத்தட்ட நம் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன். மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும். இது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். வெயிலும் சூடாக்கும். சூட்டைக் குறைப்பது இரண்டே வழிகளில்: கதிர்வீச்சு, காற்று. இதில் பெரிய பங்கு காற்றுக்குத்தான்.

சூடானால் என்ன, உருகியா விடும் என்று கேட்கலாம். உருகாது, தொங்கும். இந்தக் கம்பி ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.0000193 மீட்டர் நீள்கிறது. இரண்டு கோபுரங்களுக்கு இடையே 400 மீட்டர் என்றால், 10 டிகிரி கூடும்போது 7.7 செ.மீ. மட்டும்தான் நீளம் கூடும். கேட்க அற்பமாக இருக்கிறதா? ஏற்கெனவே 12 மீட்டர் தொய்வு இருக்கும் கம்பியில் இந்த 7.7 செ.மீ. நீளம், நடுவில் ஏறத்தாழ 48 செ.மீ. தொய்வாக மாறும்! (இழுவிசை குறைந்து கம்பி சற்றுச் சுருங்குவதையும் சேர்த்தால் இதைவிடக் கொஞ்சம் குறையும்.) நம்பிக்கை இல்லாதவர்கள், பரவளைய வளைவின் நீளச் சூத்திரத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 400 கிலோவோல்ட் கம்பிக்கும் தரைக்கும் குறைந்தது 8.84 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. கீழே கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் போகிறது, மரவள்ளிக்காட்டில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அரை மீட்டர் என்பது விளையாட்டான விஷயமில்லை. 2003 ஆகஸ்ட் 14-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் ஐந்து கோடிப் பேருக்கு மின்சாரம் போனதே, அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி, ஓஹையோ மாநிலத்தில் 345 கிலோவோல்ட் கம்பிகள் தொய்ந்து, வெட்டாமல் விட்ட மரங்களில் பட்டதுதான்.

ஆகவே "இந்தக் கம்பியில் எத்தனை ஆம்பியர் விடலாம்?" என்ற எலெக்ட்ரிக்கல் கேள்விக்குப் பதில் நம் மெக்கானிக்கல் பாடத்தில் இருக்கிறது. டிரிபிள்-ஈ நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது காற்று எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். கம்பியை ஒரு உருளை என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று குறுக்கே வந்து மோதுகிறது. நேராக மோதும் புள்ளியில் அதன் வேகம் பூஜ்யம். அங்கிருந்து மேலும் கீழுமாகப் பிரிந்து உருளையைத் தழுவிக்கொண்டு போகிறது. தழுவும்போது உருளையை ஒட்டி ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. இதுதான் எல்லைப் படலம், பவுண்டரி லேயர். வெப்பம் முழுவதும் இந்தப் படலத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். படலம் மெல்லியதாக இருக்கும் முன்பக்கத்தில் வெப்பம் வேகமாகப் போகும். அது தடித்துக்கொண்டே போகப் போக வெப்பப் போக்கு குறையும். ஏறக்குறைய 80 டிகிரி வந்ததும் படலத்தால் பரப்பை ஒட்டிப் போக முடிவதில்லை, பிய்ந்துகொண்டு வெளியே போகிறது. பின்பக்கம் ஒரே கலவரம். மேலிருந்து ஒரு சுழல், கீழிருந்து ஒரு சுழல் என்று மாறி மாறிக் கழன்று போகின்றன. கார்மன் சுழல் வரிசை என்று சொல்வது இதைத்தான்.

இது வெறும் புத்தகப் படம் இல்லை. கோபுரத்தை ஒட்டிக் கம்பியில் டம்பெல் மாதிரி ஒன்று தொங்குவதைப் பாத்திருப்பீங்க. அதன் பெயர் ஸ்டாக்பிரிட்ஜ் டேம்பர். சுழல்கள் கழலும்போது கம்பி அதிர்கிறது. அந்த அதிர்வைத் தின்பதற்காகத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். விநாடிக்கு எத்தனை சுழல் என்று வேண்டுமா? ஸ்ட்ரூஹல் எண் 0.21 என்று எடுத்து, அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கி விட்டத்தால் வகுங்கள். விநாடிக்கு 0.6 மீட்டர் காற்றில் நான்கு, 2 மீட்டர் காற்றில் பதின்மூன்று. காது வைத்துக் கேட்க முடியாத உயரத்தில் கம்பி தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, கைக்கணக்குக்கு வருவோம். கம்பி 75 டிகிரி, சுற்றியுள்ள காற்று 45 டிகிரி என்று வைப்போம். (45 டிகிரி அதிகம்தான், ஆனால் வடிவமைப்பில் பாதுகாப்புக்காக அப்படி எடுப்பது வழக்கம்.) சராசரி 60 டிகிரி. கோதண்டராமன் – சுப்ரமணியன் டேட்டா புக்கைத் திறந்தால் 60 டிகிரியில் காற்றின் பாகுநிலை எண் 18.97 × 10-ன் அடுக்கு −6, வெப்பக் கடத்துத்திறன் 0.02896, பிராண்டல் எண் 0.696. காற்று விநாடிக்கு 0.6 மீட்டர், அதாவது மணிக்கு 2 கி.மீ. சொச்சம். வேப்பிலை லேசாக ஆடினால் உண்டு, அவ்வளவுதான். லைனுக்குத் திறன் நிர்ணயிக்கும்போது இந்த மாதிரி மந்தமான காற்றைத்தான் எடுக்கிறார்கள்.

ரெனால்ட்ஸ் எண் = 0.6 × 0.03177 வகுத்தல் 18.97 × 10-ன் அடுக்கு −6 = 1005.

1933-ல் ஹில்பர்ட் என்பவர் உருளைகளைக் காற்றில் வைத்து அளந்து ஒரு சூத்திரம் கொடுத்தார். ரெனால்ட்ஸ் எண் 40-க்கும் 4000-க்கும் இடையே இருந்தால், நஸெல்ட் எண் = 0.683 × ரெனால்ட்ஸ் எண்ணின் அடுக்கு 0.466 × பிராண்டல் எண்ணின் கனமூலம். போட்டால் 15.2 வருகிறது. இதிலிருந்து வெப்பப் பரிமாற்றக் கெழு 13.8. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் பரப்பு 0.0998 சதுர மீட்டர், வெப்பநிலை வித்தியாசம் 30 டிகிரி. ஆக, காற்று எடுத்துச் செல்லும் வெப்பம் மீட்டருக்கு 41.4 வாட். கடையில் விற்கும் சாதாரண சால்டரிங் அயன் ஒன்றின் சூடு, அவ்வளவே!

மீதியையும் பார்த்துவிடுவோம். கதிர்வீச்சில் போவது 11.3 வாட் (வெளியிடு திறன் 0.45 என்று எடுத்தால்). வெயிலால் உள்ளே வருவது 25.4 வாட் (சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயில், அதில் 80 சதவீதத்தைக் கம்பி விழுங்குகிறது). ஆகவே மின்சாரம் உண்டாக்கும் சூட்டுக்கு மிச்சம் இருக்கும் இடம் 41.4 + 11.3 − 25.4 = 27.3 வாட். மூஸ் கம்பியின் மின்தடை 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 0.05552 ஓம், 75 டிகிரியில் அது சுமார் 0.0677 ஆகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் சூடு. திருப்பிப் போட்டால் மின்னோட்டம் 635 ஆம்பியர். (மாறுமின்னோட்டத்தில் தடை இன்னும் ஒரு பிடி கூடும், அதை விட்டுவிட்டேன்.)

இப்போது காற்றை மட்டும் மாற்றுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். விநாடிக்கு 2 மீட்டர், அதாவது சைக்கிளில் மெதுவாகப் போகும்போது முகத்தில் படும் காற்று. ரெனால்ட்ஸ் எண் 3350, நஸெல்ட் எண் 26.6, காற்று எடுப்பது 72.6 வாட். அதே கம்பி, அதே வெயில், அதே 75 டிகிரி. மின்னோட்டம் 930 ஆம்பியர்! காற்றே இல்லாத நடுமதியம் என்றால்? சூடான காற்று தானாக மேலே எழும் இயற்கைச் சலனம் மட்டும்தான். அது எடுப்பது சுமார் 20 வாட். மின்னோட்டம் 295 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. 295, 635, 930. மூன்றும் ஒரே கம்பி.

இந்த மூன்று எண்களைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாக நினைக்கிறேன். 2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள், விளைநிலத்தில் உயர்மின் கோபுரம் வேண்டாம் என்று நாள்கணக்கில் போராடியது நினைவிருக்கும். நம்மில் பலர் வீட்டிலும் காடு உண்டு, கோபுரம் நின்றால் அந்த இடத்தின் மதிப்பு என்ன ஆகும் என்று தெரியும். இருக்கிற லைனில் காற்று வீசும் நேரத்தில் கூடுதலாகக் கொண்டுபோக முடிந்தால், சில இடங்களிலாவது புது லைன் தேவை தள்ளிப்போகும். வெளிநாடுகளில் கம்பியிலேயே கருவி மாட்டி, காற்றையும் வெப்பநிலையையும் அளந்து, அந்தந்த நேரத்துக்கு ஏற்றபடி திறனை மாற்றுகிறார்கள். டைனமிக் லைன் ரேட்டிங் என்று பெயர். ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் இது இன்னும் பொருத்தம். காற்றாலை அதிகமாகச் சுற்றும் அதே நேரத்தில்தான் அங்கே கம்பியையும் காற்று குளிர்விக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று சொல்லமாட்டேன். நீண்ட லைன்களில் வெப்பத்துக்கு முன்பே மின்னழுத்தமும் ஸ்டெபிலிட்டியும் எல்லை போட்டுவிடும். ராய்கர் – புகளூர் 800 கிலோவோல்ட் நேர்மின் லைன் போன்றவற்றுக்கு வேறு காரணங்கள் உண்டு.

இன்னொரு சிக்கல், காற்றின் திசை. காற்று குறுக்கே வீசினால்தான் மேலே சொன்ன கணக்கு. கம்பியின் நீளவாக்கில் வீசினால், ஐ.இ.இ.இ. 738 என்ற தரவரையறை தரும் திசைக் காரணி 0.388. அதாவது 41 வாட் 16 வாட்டாகக் குறைந்துவிடும்; காற்றே இல்லாதபோது கிடைக்கும் 20 வாட்டைவிடவும் குறைவு! (இரண்டில் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அந்தத் தரவரையறை.) சித்தேரி மலை ஓரம், பள்ளத்தாக்கு வழியாக லைன் போகிறது என்று வையுங்கள். காற்றும் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகும். அரூரில் நின்று அளந்த காற்று அங்கே உதவாது. மலையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று கணினியில் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். சிமுலேஷனுக்கு வேலை வருவது இந்த மாதிரி இடத்தில்.

கைக்கணக்கிலேயே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஹில்பர்ட்டின் சூத்திரம் மட்டும்தானா? இல்லை. 1977-ல் சர்ச்சிலும் பெர்ன்ஸ்டைனும் இன்னொரு சூத்திரம் கொடுத்தார்கள். அதில் போட்டால் நஸெல்ட் எண் 15.2-க்குப் பதில் 15.9. வித்தியாசம் 5 சதவீதம். அது மின்னோட்டத்தில் 635-ஐ 659 ஆக்குகிறது, 24 ஆம்பியர் வித்தியாசம். இரண்டும் நல்ல சூத்திரங்கள்தான், இரண்டும் சோதனையிலிருந்து வந்தவைதான். திடப்பொருளைச் சுற்றிய ஓட்டத்தில் 5 சதவீதத்துக்குள் அடங்குவதே பெரிய விஷயம். போதாக்குறைக்கு, இரண்டுமே வழவழப்பான உருளைக்கு. நம் கம்பியோ முறுக்கிய இழைகளால் ஆனது. ஆகவே யாராவது சிமுலேஷனில் 15.8274 என்று நான்கு தசம இடம் வரை எழுதினால், கடைசி மூன்று இலக்கங்களைப் பேனாவால் அடித்துவிடலாம்.

இனி கணினிக்குள் போவோம். காற்றின் ஓட்டத்தை நேவியர் – ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் முழுமையாகச் சொல்லிவிடுகின்றன. பிரச்சினை, கொந்தளிப்பில் பெரிய சுழலுக்குள் சின்னச் சுழல், அதற்குள் இன்னும் சின்னது என்று இருப்பதுதான். எல்லாவற்றையும் பிடிக்க வேண்டுமானால் வலைப்புள்ளிகள் ரெனால்ட்ஸ் எண்ணின் அடுக்கு 9/4 அளவுக்குத் தேவை என்பது ஒரு தோராய விதி. நம் 1005-க்குப் போட்டால் சுமார் 57 லட்சம் புள்ளிகள். நல்ல கணினி இருந்தால் முடியும். ரெனால்ட்ஸ் எண் ஒரு லட்சம் ஆனால்? சுமார் 17,800 கோடி புள்ளிகள். சூப்பர் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

அதனால் குறுக்கு வழி: ஒவ்வொரு சுழலையும் விட்டுவிட்டுச் சராசரியை மட்டும் கணக்கிடுவது. 1895-ல் ரெனால்ட்ஸ் காட்டிய வழி இது. ஆனால் சராசரி எடுக்கும்போது ஒன்று மிச்சமாக நின்றுகொள்கிறது. எப்படி என்று இரண்டே எண்களில் பார்ப்போம். காற்றின் வேகம் ஒரு கணம் 1, அடுத்த கணம் 3. சராசரி 2, அதன் வர்க்கம் 4. ஆனால் வர்க்கங்களின் சராசரி? 1-ம் 9-ம் சேர்த்துப் பாதி, 5. இந்த 5-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம் 1 இருக்கிறதே, அதுதான் ரெனால்ட்ஸ் தகைவு. சமன்பாட்டில் வேகத்தை வேகத்தால் பெருக்கும் இடம் வருவதால் இது கட்டாயம் வந்து நிற்கும். வேகத்தை வெப்பநிலையால் பெருக்கும் இடத்திலும் இதேபோல் ஒரு மிச்சம் வரும், அது சுழல்கள் சுமந்து செல்லும் வெப்பம். இந்த மிச்சத்தைச் சராசரிகளிலிருந்து மட்டும் கண்டுபிடிக்கச் சமன்பாடு கிடையாது. ஊகித்துத்தான் எழுத வேண்டும். அந்த ஊகத்துக்குப் பெயர்தான் டர்புலன்ஸ் மாடல்.

மாடல்களில் மிகவும் புகழ் பெற்றது கே – எப்சிலான். 1974-ல் லாண்டரும் ஸ்பால்டிங்கும் எழுதியதிலிருந்து இது உலகமெங்கும் பரவியது. அதில் ஐந்து மாறிலிகள்: 0.09, 1.44, 1.92, 1.0, 1.3. இவை இயற்கையின் மாறிலிகள் இல்லை. சோதனைகளோடு பொருந்தும்படி தேர்ந்தெடுத்த எண்கள். இதே ஸ்பால்டிங்கோடு சேர்ந்து 1972-ல் 'சிம்பிள்' என்ற கணக்கு முறையைக் கொடுத்தவர் சுஹாஸ் பதங்கர், நம் நாட்டுக்காரர், ஐ.ஐ.டி. மும்பையில் படித்தவர். இன்று பெரும்பாலான மென்பொருள்களில் அழுத்தத்தையும் வேகத்தையும் சேர்த்துத் தீர்க்கும் இடத்தில் 'சிம்பிள்' என்று ஒரு பட்டன் இருக்கும். 1980-ல் வெளிவந்த அவருடைய புத்தகம் மெலிந்தது, ஆங்கிலமும் எளிது. லைப்ரரியில் கிடைத்தால் முதல் நான்கு அத்தியாயங்களையாவது படியுங்கள். பெரிய பெரிய புத்தகங்களைவிட அது நமக்கு ஏற்றது என்பது என் கருத்து.

கே – எப்சிலானை உருளைக்குப் போடும்போது இரண்டு இடத்தில் சறுக்கும். காற்று நேராக மோதும் முன்புள்ளியில் அது கொந்தளிப்பை அளவுக்கு மீறி உண்டாக்கிவிடும். அதனால் அங்கே வெப்பப் போக்கும் கூடுதலாகக் காட்டும். (1993-ல் கேட்டோவும் லாண்டரும் இதற்கு ஒரு திருத்தம் சொன்னார்கள்.) படலம் பிய்கிற இடத்தையும் அது பின்னால் தள்ளிவிடும். 1994-ல் மென்டர் கொடுத்த எஸ்.எஸ்.டி. மாடல் பிய்கிற இடத்தை இதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் நம் கம்பிக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது: ரெனால்ட்ஸ் எண் 1005-ல் முன்பக்கப் படலம் கொந்தளிப்பாகவே இல்லை, வரிச்சீராக இருக்கிறது. கொந்தளிப்பு பின்பக்கம் மட்டும்தான். எல்லா இடமும் கொந்தளிப்பு என்று எண்ணும் மாடலை இங்கே போட்டால், இல்லாத ஒன்றைச் சேர்த்ததாகிவிடும். மாடல் போடாமல், நேரத்தோடு மாறும் ஓட்டமாகவே கணக்கிடுவது நல்லது. அதுவும் முப்பரிமாணத்தில். ரெனால்ட்ஸ் எண் 190 வாக்கிலேயே பின்பக்கச் சுழல்கள் நீளவாக்கிலும் நெளிய ஆரம்பித்துவிடுகின்றன. இருபரிமாணத்தில் போட்டால் சுழல்கள் உண்மையைவிடப் பலமாகத் தெரியும், உருளை மேல் விசையும் கூடுதலாக வரும்.

வலை போடும் அளவுகளைக் கைக்கணக்கே சொல்லிவிடும். படலத்தின் தடிமன் ஏறத்தாழ விட்டத்தை ரெனால்ட்ஸ் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தது: 31.77 வகுத்தல் 31.7, அதாவது ஒரு மி.மீ. இந்த ஒரு மி.மீ.-க்குள் பத்து, பதினைந்து கட்டங்களாவது வேண்டும். முதல் கட்டம் 0.05 மி.மீ. இருந்தால் தைரியமாக இருக்கலாம். முன்னால் விட்டத்தைப் போல் 10 மடங்கு, பின்னால் 20, 25 மடங்கு தூரம் விடுங்கள். சுழல் விநாடிக்கு நான்கு என்றால் ஒரு சுற்று கால் விநாடி; அதை நூறாகவாவது பிரித்தால் நேரப்படி 0.0025 விநாடி. கட்டம் மிகவும் சிறியதானால் நேரப்படியை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும்.

முடிவு வந்த பிறகு சரிபார்க்க மூன்று கைக்கணக்குகள் தயாராக இருக்கின்றன. சராசரி நஸெல்ட் எண் 15-லிருந்து 16-க்குள் வர வேண்டும். சுழல் எண்ணிக்கை விநாடிக்கு நான்கு வாக்கில் வர வேண்டும். முன்புள்ளியில் மட்டும் நஸெல்ட் எண்ணுக்கு 1.14 × ரெனால்ட்ஸ் எண்ணின் வர்க்கமூலம் × பிராண்டல் எண்ணின் அடுக்கு 0.4 என்று ஒரு சூத்திரம் உண்டு. அது 31 தருகிறது, சராசரியைவிட இரண்டு மடங்கு. சராசரி சரியாக வந்து முன்புள்ளியில் 45 வந்தால், எங்கேயோ கூடுதல், எங்கேயோ குறைச்சல், இரண்டும் சேர்ந்து தற்செயலாகச் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் வலையை இரண்டு மடங்கு நெருக்கமாக்கி மறுபடி ஓட்டுங்கள். எண் மாறினால், முதலில் வந்தது காற்றின் பதில் இல்லை, வலையின் பதில்.

ஒரு கம்பிக்கே இவ்வளவு என்றால், கோபாலபுரம் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை பாய்லர் மாதிரி வரிசை வரிசையாகக் குழாய் இருந்தால்? முதல் வரிசைக் குழாய்கள் கிளப்பிய கொந்தளிப்பு இரண்டாம் வரிசையில் போய் அடிக்கும். அதனால் உள்வரிசைக் குழாய்களில் முதல் வரிசையைவிட வெப்பம் நன்றாகவே ஏறும். 1972-ல் லித்துவேனியாவின் ஜுகாஸ்கஸ் இதற்கெல்லாம் அட்டவணை போட்டு வைத்துவிட்டார், டேட்டா புக்கில் இருக்கிறது. அதற்கு மேல் இங்கே விரிக்கவில்லை.

அட்டவணை உதவாத இடம் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது: கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை. அதில் ஒரு எரிபொருள் கட்டுக்குள் 217 ஊசிகள், ஒவ்வொன்றும் 6.6 மி.மீ. விட்டம். ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய கம்பி திருகலாகச் சுற்றப்பட்டிருக்கிறது. இப்படி 181 கட்டுகள். இடையில் ஓடுவது தண்ணீர் இல்லை, திரவ சோடியம். 397 டிகிரியில் நுழைந்து 547 டிகிரியில் வெளியே வரும்படி வடிவமைத்திருக்கிறார்கள். சோடியம் ஒளி புகாதது, உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. அந்தத் திருகல் கம்பி சோடியத்தைச் சுழற்றிக் கலக்குகிறது. எந்த ஊசி எங்கே அதிகம் சூடாகிறது என்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் கணினியில்தான் பார்க்கிறார்கள்.

காற்றுக்கும் சோடியத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம். காற்றின் பிராண்டல் எண் 0.7, சோடியத்துக்கு 0.005 வாக்கில். சோடியத்தில் வெப்பம் சுழலின் முதுகில் ஏறிப் போகக் காத்திருப்பதில்லை, கடத்தல் மூலமாகவே ஓடிவிடுகிறது. காற்றுக்கும் தண்ணீருக்கும் பொருந்தும்படி அமைத்த மாடல் எண்களை அப்படியே சோடியத்துக்குப் போட முடியாததற்கு இதுதான் காரணம். இன்னொன்று, உலையின் மேற்பகுதியில் சூடு கூடிய சோடியமும் குறைந்த சோடியமும் கலக்கும் இடத்தில் உலோகத்தின் மேல் வெப்பநிலை படபடவென்று ஏறி இறங்கும். சராசரியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் உலோகம் களைத்து விரிசல் விடுவது சராசரியால் இல்லை, அந்த ஏற்ற இறக்கத்தால். அங்கே சராசரி மாடலை விட்டுவிட்டுப் பெரிய சுழல்களையாவது நேரத்தோடு கணக்கிட்டே ஆகவேண்டும்.

இத்தனை கணினி இருந்தும் கல்பாக்கத்தில் 'சாம்ராட்' என்று உலையின் முதன்மைச் சுற்றுக்கு நான்கில் ஒரு பங்கு அளவில் ஒரு நீர் மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீரை ஓடவிட்டு அளந்து, கணினி சொன்னதோடு ஒப்பிடுகிறார்கள். அவர்களே அளந்து பார்க்கிறார்கள் என்றால் நாமும் பார்க்கலாம்.

நம் லேபில் இது முடியும். 32 மி.மீ. வெளிவிட்டமுள்ள அலுமினியக் குழாய் ஒரு மீட்டர், உள்ளே நீளவாக்கில் நைக்ரோம் சுருள், நடுவே மணல். இரண்டு முனையிலும் மரக்கட்டை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெப்பம் அந்த வழியே கசியும். டிம்மர் வழியாகச் சுமார் 42 வாட் கொடுத்து, குழாய் மேல் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று தெர்மோகப்பிள். பெடஸ்டல் ஃபேனை நேராக வைத்தால் அதன் காற்று சுழன்றுகொண்டே வரும், எண் கூடுதலாகக் காட்டும். இளநீர்க் கடை ஸ்ட்ராக்களை ஒரு பெட்டியில் நெருக்கமாக அடுக்கி ஃபேனுக்கு முன்னால் வைத்தால் காற்று நேராகும். 0.6 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவந்து, அனிமோமீட்டரால் குழாயின் நீளம் முழுக்க நாலைந்து இடத்தில் அளந்துகொள்ளுங்கள். பளபளப்பான அலுமினியம் என்பதால் கதிர்வீச்சு ஒரு வாட் அளவுதான். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தால், அறையைவிட 30 டிகிரி பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் மூன்று தெர்மோகப்பிளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும். முன்புறம், பின்புறம் வித்தியாசம் வேண்டுமென்றால் அலுமினியத்துக்குப் பதில் பி.வி.சி. குழாயின் மேல் மெல்லிய எஃகுத் தகட்டைச் சுற்றி, அந்தத் தகட்டிலேயே மின்சாரம் விட வேண்டியிருக்கும். அடுத்த வருடத்து நண்பர்கள் யாராவது எடுத்துச் செய்தால், ஸ்ட்ரா பெட்டிக்கு நான் பொறுப்பு.